உரையாடல் துவாரம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது ரிஃப்னாவின் துப்பறியும் அலுவலகம். படிக்கட்டு ஒன்றுதான் என்பதால் மேலே ஏறி வருகிறவர்களில் பாதிப்பேர் கேக்குக்கு ஓடர் கொடுக்க வந்தவர்களாக இருப்பார்கள். அன்று காலை கண்கள் சிவந்து ஒரு பெண் வாசலில் நின்றபோது, உதவியாளர் செல்லசாமி மரியாதையாக எழுந்தார்.

"பர்த்டே கேக்குன்னா கீழங்க. பிரச்சினைன்னா இங்க."

"பிரச்சினைதாங்க."

"அப்ப உக்காருங்க. இங்க காத்திருக்க வேண்டாம். கீழதான் எப்பவும் கூட்டம்."

செல்லசாமி பல வருஷம் கொழும்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்பதற்காக ரிஃப்னா அவரை வேலைக்கு வைத்தாள். வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று யாரும் அவளுக்கு உத்தரவாதம் தரவில்லை. ரிஃப்னாவும் முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் அதிகாரியாக இருந்தவள்தான். அவள் விசாரித்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை உண்மை என்று தெரியவந்ததால், கம்பனி அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டது.

வந்தவள் பெயர் ஜெயந்தினி. நுவரெலியாவில் உள்ள தோட்டப் பாதுகாப்புத் தரக்குழுவில் மொழிபெயர்ப்பாளர்.

"அதாவது, இருந்தேன். போன வாரம் இடைநிறுத்திட்டாங்க மிஸ்."

"தரக்குழு என்ன செய்யுது?"

"குளவிக்குத் தரநிலை எழுதுது."

செல்லசாமி நிமிர்ந்தார். "குளவி இனிமே தரமாத்தான் கொட்டணுமா?"

ஜெயந்தினி சிரிக்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களைக் குளவி கொட்டுவதும், சிலர் செத்துப்போவதும் மலைநாட்டில் வருஷா வருஷம் நடப்பது. அதைத் தடுக்கப் பாதுகாப்பு உடை கொடுக்க வேண்டும். அந்த உடை எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்க ஒரு குழு வேண்டும். குழு கூடியது. முழு வரைவையும் ஒரேயடியாக வெளியிட்டால் பொதுமக்கள் மிரண்டு போவார்கள் என்று, பகுதி பகுதியாக வெளியிட்டுக் கருத்துக் கேட்பதாக முடிவெடுத்தது. பகுதி ஒன்று: குளவி என்றால் என்ன. பகுதி இரண்டு: தலைக்கும் முகத்துக்கும் போடும் வலை. பகுதி மூன்று: கை கால்கள். அது இன்னும் வரவில்லை.

"அதுவரைக்கும் கை கால்ல கொட்ட வேணாம்னு குளவிகளுக்கு அறிவிச்சாச்சா?" என்றார் செல்லசாமி.

"செல்லசாமி அண்ணே," என்றாள் ரிஃப்னா. "நீங்க சொல்லுங்க ஜெயந்தினி."

"பகுதி ரெண்டு வெளிவர முந்தியே, ஹட்டன் பசார்ல பஸ்லான் முதலாளி கடையில அதே மாதிரி வலை தொங்கிச்சாம். போட்டிக் கடைக்காரர் ஒருத்தர் குழுவுக்கு போன் பண்ணிட்டாரு. வரைவுல என்னென்ன இருக்கோ அத்தனையும் அந்த வலையில இருக்கு. கண்ணி அளவு, கழுத்து நாடா, இடது காதுக்கு மேல ஒரு வளையம். எல்லாம். வரைவு ரெண்டு பேர்கிட்டத்தான் இருந்துச்சு. எழுதின ஆலோசகர் விஜிதரன் சார்கிட்டயும் என்கிட்டயும்."

"விஜிதரன் என்ன சொல்றார்?"

"எழுதினவனே கசியவிடுவேனான்னு கேட்டாரு. அத்தோட விசாரணை பாதி முடிஞ்சு போச்சு. மீதி நாளைக்குக் காலையில. துணைக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருக்காங்க." அவள் கைக்குட்டையை மடித்தாள். "நான் கமிஷன் வாங்கினேன்னு எங்க லயத்து வீடுகள்லயே பேசுறாங்க. எங்கம்மா கோயிலுக்குப் போறத நிறுத்திட்டாங்க மிஸ்."

ரிஃப்னா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். பிறகு, "வரைவைப் படிச்சப்ப உங்களுக்கு எதாவது விநோதமாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"வாய்க்கு நேரா ஒரு ஓட்டை வேணும்னு போட்டிருந்துச்சு. ஒரு ரூபாய்க் குத்திக் காசு அளவு. 'உரையாடல் துவாரம்'னு பேரு. மேற்பார்வையாளரோட பேச வசதியா இருக்குமாம். அது வழியா குளவி உள்ள போகாதான்னு விஜிதரன் சார்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பகுதி ஒன்றுல குளவி பறக்கும், கொட்டும்னுதான் வரையறை இருக்கு, நுழையும்னு இல்லைன்னாரு. அந்தப் பகுதிக்குக் கருத்துச் சொல்ற காலமும் முடிஞ்சிடுச்சாம்."

செல்லசாமி த்ரீவீலர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

பஸ்லானின் கடையில் மழைக்கோட்டு, குடை, ரப்பர் சப்பாத்து, தார்ப்பாய் என்று மழையை நம்பிப் பிழைக்கும் சாமான்கள் அத்தனையும் இருந்தன. வாசல் நிலையில் ஓர் ஆணி. அந்த ஆணியில், தலை இல்லாத மனிதன் தொப்பியை மாட்டிவிட்டுப் போனது போல, ஒரு பச்சை வலை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பஸ்லான் மடியில் இன்னொரு வலையை வைத்து, ஊசி நூலோடு போராடிக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி. வாப்பா சுகமா ஈக்கிறாரா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கார் பஸ்லான் நானா. நீங்க எப்பலேருந்து தையல்காரர்?"

"வரைவு வந்ததுலேருந்து." பஸ்லான் விரலில் குத்திய இடத்தைச் சப்பினார். "இடது காதுக்கு மேல வளையம் வேணுமாம். வளையம் இல்லாட்டி தோட்டத்துல எடுக்க மாட்டாங்களாம். கட்டுக் கட்டா வச்சிருக்கன், எல்லாத்துக்கும் தைக்கணும்."

"எதுக்கு அந்த வளையம்?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா? அரசாங்கம் கேட்டா காரணம் இருக்கும்."

"அந்த நம்பிக்கையிலதான் நாடே ஓடுது," என்றார் செல்லசாமி.

ரிஃப்னா நேராகவே கேட்டாள். "வரைவு வெளிவர முந்தியே உங்களுக்கு யாராவது காட்டினாங்களா நானா?"

பஸ்லான் ஊசியைக் கீழே வைத்தார். "எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. நான் ஒரு வருஷமா இதை விக்கப் பாக்குறன். ஒரு கார்மென்ட்ஸ்ல ரிஜெக்ட் ஆன சரக்கு. வெளிநாட்டுல ஏரிக்கரையில உக்காந்து தூண்டில் போடுறவங்க கொசுவுக்குப் போடுறதாம். மலிவாக் குடுத்தாங்கன்னு வாங்கிட்டன். ஒருத்தர் வாங்கல. திடீர்னு ஒரு நாள் சட்டத்துல வந்திடுச்சு. அல்லாஹ் கண்ணத் திறந்துட்டான்னு நினைச்சன். இப்ப விசாரணைங்குறாங்க."

ரிஃப்னா கட்டிலிருந்து இன்னும் வளையம் தைக்காத வலை ஒன்றை உருவி முகர்ந்து பார்த்தாள். ஊசிப்போன மாவின் வாசம். மடிப்பின் உட்பக்கம் கரும்புள்ளிகள் பூத்திருந்தன.

"பூஞ்சணம்," என்றாள்.

செல்லசாமி எட்டிப் பார்த்தார். "வரைவு கசிஞ்சது போன மாசம். வலைக்குப் பூஞ்சணம் புடிச்சது போன மழைக்கு. மிஸ், நம்ம ஜெயந்தினி வரைவு எழுத முந்தியே மொழிபெயர்த்திருக்கா."

அந்த ஒரு வலையை ரிஃப்னா விலைக்கு வாங்கினாள். வெளியேறும்போது பஸ்லான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சோதனைக்குன்னு கொஞ்சம் குடுத்தன் தங்கச்சி. அதுல ஒரு பொம்பளைக்குக் கொட்டிடுச்சாம். ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். அன்னையிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல."

*

டிக்கோயா போகும் வழியில் மண்சரிவை அள்ளிக்கொண்டிருந்தார்கள். செல்லசாமியின் த்ரீவீலர் வரிசையில் நின்றது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர் வலையை எடுத்துத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு பீடி ஒன்றை எடுத்து, வலையைக் கழற்றச் சோம்பல்பட்டு, வாய்க்கு நேராக இருந்த ஓட்டையில் செருகிப் பற்றவைத்தார். பீடி தாராளமாக நுழைந்தது.

"மிஸ், இது உரையாடல் துவாரம் இல்ல. சாராயத்தக் குழாய் வச்சு உறிஞ்சுற துவாரம். தூண்டில்காரன் தேவையறிஞ்சு தச்சிருக்கான்."

ரிஃப்னா சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே அவள் முகம் மாறியது. கொசுவுக்காகத் தைத்த வலையில் ஓட்டை இருந்தால், தூண்டில்காரனுக்கு வாயில் ஒரு கொசுக்கடி. அதோடு சரி.

டிக்கோயா ஆஸ்பத்திரியில், பஸ்லான் சொன்ன பெண் அம்மாக்கண்ணு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. வாயோரம் கொட்டியிருந்ததால் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"மலையில குளவி கலைஞ்சதும் எல்லாரும் ஓடுனோம். நான் ரெண்டு கையாலயும் கூடையப் புடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் ஓடுனேன். வலை இருக்கேன்னு. ஒண்ணு அந்த ஓட்டை வழியா உள்ள வந்துடுச்சு. கழட்டலாம்னா கழுத்துல நாடா முடிச்சு. வெளிய இருந்தா தட்டிவிடலாம். உள்ள இருந்தா என்னங்க பண்றது? நானும் அதும் ஒரே அறையில."

 

"யாராவது வந்து கேட்டாங்களா?" என்றாள் ரிஃப்னா.

"நீங்கதான் வந்திருக்கீங்க. எந்த ஆபீசுங்க?"

"ஆபீஸ் இல்லம்மா."

"அதானே பாத்தேன்." அம்மாக்கண்ணு மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டாள். "காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல வச்சு, கருத்து இருந்தா சொல்லலாம்னாங்க. இன்டர்நெட்டுல போய் எழுதணுமாம், இங்கிலீஸ்ல. எனக்குப் பெரிய கருத்தெல்லாம் இல்ல. அந்த ஓட்டைய அடைங்க. அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் ரிஃப்னா த்ரீவீலரில் ஏறாமல் நின்றாள். கையிலிருந்த வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல வளையம் இல்ல."

"பஸ்லான் இன்னும் தைக்கலையே."

"வரைவு வந்த பிறகுதான் வளையம் தைக்கவே தொடங்கினார். சரி. வாசல் ஆணியில ஒண்ணு தொங்குதே. வரைவு வர முந்தியே தொங்கினதாத்தானே போட்டிக் கடைக்காரர் சொன்னார். அது எதுல தொங்குச்சு?"

செல்லசாமி யோசித்தார். பிறகு த்ரீவீலரைத் திருப்பினார்.

*

பஸ்லான் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். ரிஃப்னா ஆணியிலிருந்த வலையைக் கழற்றாமல், விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்த வளையம் யார் தச்சது நானா?"

"நான்தான். போன வருஷம்."

"எதுக்கு?"

"ஆணியில தொங்கப் போட."

"ஏன் இடது காதுக்கு மேல?"

"அப்பதான் முகம் றோட்டப் பாத்து நிக்கும். உச்சியில தச்சா சுவரப் பாக்குது." பஸ்லான் சொல்லிக்கொண்டே போனவர், மெல்ல நிறுத்தினார். உள்ளே கட்டுக் கட்டாகக் கிடந்த வலைகளையும், தம் விரல் காயங்களையும் பார்த்தார். "யா அல்லாஹ்."

"வரைவு உங்க கடைக்கு வரல நானா," என்றாள் ரிஃப்னா. "உங்க கடைதான் வரைவுக்குள்ள போயிருக்கு. இதைக் கழட்டி யாராவது பாத்தாங்களா?"

"ஒரு சார் வந்தாரு. கண்ணாடி போட்டவரு. டேப் கேட்டு வாங்கி, தலைகீழாப் புரட்டி அளந்தாரு. மழை பெய்யுதேன்னு ஒரு பிளேன்டீ குடுத்தன். குடிச்சிட்டு, ஒண்ணும் வாங்காமப் போனாரு."

"நாளைக்குக் காலையில எங்ககூட நுவரெலியாவுக்கு வரணும்."

"கடை?"

"ஆணியப் பாத்துக்கச் சொல்லுங்க," என்றார் செல்லசாமி. "தரநிலையே எழுதியிருக்கு, கடையப் பாத்துக்காதா?"

*

நுவரெலியாவில் தரக்குழுவின் அலுவலகம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. நீண்ட மேசையின் தலைமாட்டில் தலைவர். பக்கத்தில் கம்பளிச் சட்டைக்கு மேல் டை கட்டிய விஜிதரன். எதிரே ஜெயந்தினி. அவளுக்குத் துணையாக ரிஃப்னா. செல்லசாமிக்கு நாற்காலி போடவில்லை. அவர் காகிதத்தில் சுற்றிய போத்தல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

தலைவர் பகுதி ஒன்றுக்குக் கிடைத்த பொதுமக்கள் கருத்துகள் பற்றிப் பெருமையோடு தொடங்கினார். பெரும்பாலானவை வாழ்த்துகள். ஒன்று, 'குளவி'க்கு எந்த 'ள' என்று கேட்டிருந்தது.

ரிஃப்னா காத்திருந்து கேட்டாள். "விஜிதரன் சார், இடது காதுக்கு மேல வளையம் எதுக்கு?"

"பாதுகாப்புக் காரணங்களுக்காக."

"எந்தப் பாதுகாப்பு?"

"அது தொழில்நுட்பம். சாதாரண ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம்."

"அப்படின்னா அதைக் கண்டுபிடிச்சவரையே கூப்பிடலாம்," என்று ரிஃப்னா கதவைத் திறந்தாள்.

பஸ்லான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். மேசையைச் சுற்றிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "சார், நீங்களா? அன்னைக்கு அளந்துட்டு வாங்காமப் போனீங்களே. பிறகு மழையில நனைஞ்சீங்களா?"

விஜிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரிஃப்னா ஆணியைப் பற்றிச் சொன்னாள். பூஞ்சணத்தைப் பற்றியும், வளையமில்லாத மூட்டைகளைப் பற்றியும் சொன்னாள். கடைக்காரர் வரைவைப் பார்த்துத் தைத்திருந்தால் எல்லா வலையிலும் வளையம் இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒன்றே ஒன்றில். ஆணியில் தொங்கிய அந்த ஒன்றைத்தான் வரைவு அங்குலம் அங்குலமாக வர்ணிக்கிறது.

"இவரிடம் ஏதாவது வாங்கினீரா?" என்று தலைவர் விஜிதரனிடம் கேட்டார்.

"பிளேன்டீ," என்றார் பஸ்லான், நேர்மையாக.

லஞ்சம் வாங்கியிருந்தாலாவது குழுவுக்கு ஒரு கௌரவம் மிஞ்சியிருக்கும். அதுவும் இல்லை. விஜிதரன் தாழ்ந்த குரலில் சொன்னார். "பகுதி இரண்டை அந்த மாதத்துக்குள் வெளியிட வேண்டியிருந்தது. எனக்குக் குளவியும் தெரியாது, கொழுந்தும் தெரியாது. கடையில் ஒன்று தொங்கியது. வரைவுதானே, பிழை இருந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்வார்கள் என்று நினைத்தேன்."

"நான் சொன்னேனே சார்," என்றாள் ஜெயந்தினி. அன்று காலை அவள் பேசிய முதல் வார்த்தை அது. "ஓட்டை வழியா குளவி போகும்னு."

"நீங்கள் பொதுமக்கள் இல்லை. அலுவலர்."

"கசிஞ்சிடுச்சுன்னு பழி போடும்போது மட்டும் நான் ஆளாத் தெரிஞ்சேன்."

 தலைவர் தொண்டையைச் செருமினார். ஜெயந்தினியின் இடைநிறுத்தம் நீக்கப்படுகிறது என்றார். வருந்துகிறோம் என்ற சொல்லைத் தேடினார்; கிடைக்காததால், உடனே கடமைக்குத் திரும்பலாம் என்றார். "ஆனால் பகுதி இரண்டு இப்போது பொதுமக்களின் கையில் இருக்கிறது. கருத்துக் காலம் முடியும் வரை அதை நாம் தொட முடியாது. அந்தத் துவாரத்தைப் பகுதி நான்கில் கவனிக்கலாம்."

"பகுதி நாலு எதைப் பத்தி சார்?" என்றாள் ரிஃப்னா.

"முதலுதவி."

ரிஃப்னா திரும்பிச் செல்லசாமியைப் பார்த்தாள். அவர் போத்தலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். காகிதத்துக்குள் ஏதோ ஙொய்யென்று இரைந்து கண்ணாடியில் மோதியது. வளையம் இல்லாத வலையை மரியாதையாகத் தலைவரிடம் நீட்டினார்.

"போட்டுப் பாருங்க சார். தரநிலைப்படி பயமே இல்ல."

தலைவர் யோசிக்கவே இல்லை. "ஆலோசகர் போடட்டும்."

விஜிதரன் வலையை மாட்டிக்கொண்டார். கழுத்து நாடாவைச் செல்லசாமி இறுக்கமாகக் கட்டினார். பிறகு போத்தலை விஜிதரனின் முகத்துக்கு நேரே பிடித்து, மூடியில் கை வைத்தார். அது ஒரு சுற்றுத் திரும்புவதற்குள் விஜிதரனின் இரண்டு உள்ளங்கைகளும் வாய்க்கு நேரான ஓட்டையை இறுக மூடிக்கொண்டன.

"கைய எடுங்க சார்," என்றார் செல்லசாமி. "அது வழியாத்தான் நீங்க உரையாடணும்."

விஜிதரன் எடுக்கவில்லை. வலைக்குள் அவர் நெற்றி வியர்த்தது. தலைவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிக்கோயா ஆஸ்பத்திரியில அம்மாக்கண்ணுன்னு ஒருத்தங்க இருக்காங்க சார்," என்றாள் ரிஃப்னா. "குளவி வந்தப்ப அவங்க ரெண்டு கையும் கூடையில இருந்துச்சு."

செல்லசாமி ஜன்னலைத் திறந்து போத்தலைக் கவிழ்த்தார். மீன்கடையில் பிடித்த கொழுத்த ஈ ஒன்று குளிர்காற்றுக்குள் பறந்து போனது. யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மெல்ல எழுந்தார்.

"பகுதி இரண்டு வாபஸ்." அவர் குரல் மாறியிருந்தது. "ஜெயந்தினி, உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் கள ஆய்வு நடக்கிறது. நேற்று அங்கே வலை கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் இந்நேரம் மலையில் இருப்பார்கள். தொலைபேசியில் பேசுங்கள். கழற்றச் சொல்லுங்கள்."

இடைநிறுத்தம் நீங்கிய கடிதம் இன்னும் அவள் கைக்கு வரவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரிஃப்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"கணக்குப்பிள்ளை ஐயாவா? தரக்குழுவுல இருந்து பேசுறேன். குளவி வலை போட்டவங்க எல்லாரையும் உடனே கழட்டச் சொல்லுங்க. ஆமா, இப்பவே. ஆபத்துங்க. என்னங்க? எப்ப?"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

"என்ன சொன்னார்?" என்றார் தலைவர்.

"ஒருத்தரும் போடலயாம் சார். ஓட்டையப் பாத்ததுமே வேணாம்னுட்டாங்களாம். காக்கா தூக்காம இருக்க, லயத்துல கோழிக்குஞ்சுக்கு மேல கவுத்து வச்சிருக்காங்களாம்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். பெருமூச்சு வந்தது, அதன் பின்னாலேயே பழைய பழக்கமும் வந்தது. "சரி. கள ஆய்வு அறிக்கைக்கு அதை எப்படி எழுதுவது?"

ஜெயந்தினி தன் மேசைக்குப் போய், கணினியைத் திறந்து, தட்டச்சு செய்தபடியே உரக்கப் படித்தாள்.

"'கருத்துகள் பெறப்பட்டன. வலைக்குப் பொருத்தமான பயனாளிகள் இனங்காணப்பட்டுள்ளனர்.'"